மாதக்கணக்கில் இரை தொடாத டாரன்டுலா: பயப்பட வேண்டியது எப்போது?

டாரன்டுலா சிலந்தி வளர்க்கும் இளைஞர்கள் நம்மவரிடையேயும் இருக்கிறார்கள். நாயும் பூனையும் வைத்துக்கொள்ள முடியாத அடுக்குமாடி வீட்டில், மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். சத்தமில்லை, நாற்றமில்லை. மலாயில் செங்கெரிக் எனப்படும் கிரிக்கெட் பூச்சியை வாரத்துக்கு ஒன்றிரண்டு போட்டால் சரி என்றுதான் தொடங்குகிறார்கள். பலரும் எதிர்பாராதது பிறகுதான் வருகிறது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த சிலந்தி ஒரு நாள் இரையைத் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். சிலந்தி என்றாலே முகம் சுளித்த அம்மாகூட, “செத்துக்கித்துப் போச்சாடா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

பெரும்பாலும் சாகவில்லை, நோயும் இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பெண் சிலந்தி சில மாதங்கள் உண்ணாமல் இருப்பது சாதாரணம். சிலி ரோஸ் என்ற இனம் ஓராண்டுக்கு மேலும் இரை தொடாமல் இருந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தின்னத் தொடங்கும். வீட்டில் வளரும் டாரன்டுலாவுக்கு ஆபத்து பட்டினியால் வருவதைவிட, பதறிப்போய் நாம் செய்யும் காரியங்களால் வருவதே அதிகம்.

இந்தச் சிலந்தி ஓடியாடி இரை தேடுவதில்லை. வளை வாயிலில் காத்திருந்து, அருகில் வருவதைப் பிடிக்கிறது. செரிமான நீரைப் பாய்ச்சி இரையைக் கூழாக்கி உறிஞ்சிக்கொண்டு, அந்தச் சத்தை வயிற்றில் சேமித்து வைக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அதற்குச் செலவாகும் சக்தி மிகக் குறைவு. மழையில்லாத மாதங்களிலும் குளிர் மாதங்களிலும் இரை கிடைக்காமல் போகும் இடங்களில் வாழ்ந்து பழகிய உடம்பு அது. மூன்று வேளைச் சோற்றுக் கணக்கை அதன்மீது சுமத்தக் கூடாது.

சிலி ரோஸ் இதற்கு நல்ல உதாரணம். அறிவியல் பெயர் கிராமோஸ்டோலா ரோசியா. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வறண்ட புதர்க்காடுகள் அதன் சொந்த இடம். சாதுவானது, பெண் சிலந்தி 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதால் உலகெங்கும் புதிதாக வளர்ப்பவர்கள் வாங்கும் இனமாகிவிட்டது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நம் ஊரில் குளிரும் இல்லை, கோடையும் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே சூடுதான். ஆனாலும் இந்த இனம் திடீரென்று தின்பதை நிறுத்திவிடும் தன் பழக்கத்தை விடுவதில்லை. இதை வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

இரை மறுப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் தோலுரிப்பு. பாம்பு சட்டை உரிப்பதுபோல டாரன்டுலாவும் வெளி ஓட்டைக் கழற்றுகிறது. குஞ்சுகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்தவை ஆண்டுக்கு ஒருமுறையோ, அதைவிடத் தாமதமாகவோ உரிக்கும். கழல்வது வெளித்தோல் மட்டுமல்ல. நச்சுப்பல், வாயின் உட்புறம், உறிஞ்சும் இரைப்பையின் உட்பூச்சு எல்லாமே புதிதாகின்றன. உள்ளே இத்தனை வேலை நடக்கும்போது சாப்பாடு எப்படி இறங்கும்? வயிறு பருத்துப் பளபளக்கும், நடமாட்டம் குறையும், நிறம் மங்கும். வயிற்றில் முடி உதிர்ந்து வழுக்கையாக இருக்கும் இடம் கருமையாகும். சில சிலந்திகள் வளை வாயிலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தோண்டக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டவரை வெளியே இழுப்பதற்குச் சமம் அது.

தோலுரிக்கும் நாளில் டாரன்டுலா பெரும்பாலும் மல்லாந்து படுத்து, கால்களை மேலே விரித்துக் கிடக்கும். பார்ப்பவர்கள் இறந்துவிட்டது என்றே முடிவு செய்துவிடுவார்கள். உயிரோடு குப்பைத்தொட்டிக்குப் போன சிலந்திகள் எத்தனையோ. உண்மையில் இறந்த சிலந்தி நிமிர்ந்த நிலையிலேயே, கால்களைத் தன் அடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பெட்டியை நகர்த்தாதீர்கள். சில மணி நேரத்தில், சிலவேளை ஒரு நாள் கழித்து, பழைய சட்டையை விட்டு அது எழுந்துகொள்ளும்.

அந்த நேரத்தில் பெட்டிக்குள் உயிருள்ள கிரிக்கெட் பூச்சி இருந்தால் கதை மாறிவிடும். புதுத் தோல் பஞ்சுபோல் மென்மையானது. பூச்சி அதைக் கடித்துக் குதறிவிடும். இரை போட்டு ஒரு நாளாகியும் சிலந்தி தொடவில்லை என்றால், அந்தப் பூச்சியை வெளியே எடுத்தே ஆக வேண்டும். “இருக்கட்டும், பசித்தால் தின்னும்” என்று நாலைந்து பூச்சிகளை உள்ளே விட்டுவைப்பது கெட்ட பழக்கம்.

நாட்காட்டியை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்ற கணக்கு அதிகம் உதவாது. மேலிருந்து பார்த்தால் டாரன்டுலாவின் உடல் இரண்டு பகுதியாகத் தெரியும். கால்கள் முளைக்கும் முன்பகுதி, அதன் பின்னால் வயிறு. வயிறு முன்பகுதியின் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ உருண்டையாக இருந்தால் ஆறு மாதம் உண்ணாவிட்டாலும் கவலை வேண்டாம். முன்பகுதியைவிடச் சிறுத்து, பழைய பலூன்போல் சுருக்கம் விழுந்தால்தான் கவலை. மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம், மூன்று மாதப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். நகை நிறுக்கும் சிறிய மின்தராசு இருந்தால் இன்னும் நல்லது; சிலந்தியைச் சிறு டப்பாவோடு நிறுத்து, டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

குஞ்சுகளுக்கு இந்தத் தாராளம் பொருந்தாது. விரல் நகமளவு உடம்பில் சேமிப்பு அதிகம் இருக்காது, காய்ந்துபோவதும் விரைவு.

சுருங்கிய வயிற்றுக்குப் பசியைவிடத் தாகம் காரணமாக இருப்பது உண்டு. சிலந்தியின் கால்களில் மடக்குவதற்குத் தசை உண்டு. ஆனால் முக்கிய மூட்டுகளை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தம்தான். உடம்பில் நீர் வற்றினால் அழுத்தம் குறையும், கால்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருளும். உணவு இல்லாமல் மாதங்கள் போகலாம். தண்ணீர்த் தட்டு ஒரு வாரம்கூட வறண்டு கிடக்கக் கூடாது. பஞ்சு வேண்டாம், அதில் கிருமி வளரும். ஆழமில்லாத தட்டில் சுத்தமான தண்ணீர் போதும். கால் சுருளத் தொடங்கிய சிலந்தியின் வாய்ப்பகுதி தண்ணீரில் படும்படி தட்டின் விளிம்பில் மெதுவாக வைத்துப் பார்க்கலாம். சில மணி நேரத்தில் தேறியவை உண்டு.

ஆண் சிலந்தியின் கதை வேறு. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு அதன் முன்புறச் சிறுகைகளின் நுனி குத்துச்சண்டை உறைபோல் உப்பிவிடும். பல இனங்களில் முன்கால்களின் அடியில் சிறு கொக்கி தெரியும். அதன்பின் அதற்குப் பெண்ணைத் தேடும் எண்ணம்தான், சாப்பாட்டில் நாட்டம் போய்விடும். இரவெல்லாம் பெட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும், மெலியும். சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. சமூக ஊடகத்தில் பெரிய சிலந்தி மலிவாகக் கிடைக்கிறது என்றால், பணம் கொடுக்கும் முன் அந்தச் சிறுகைகளைப் பாருங்கள்.

நம் ஊர்ச் சூழலில்

வெப்பம் நமக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டுச் சூடேற்றும் விளக்கு வாங்கிப் பொருத்துவது காசுக்கும் கேடு, சிலந்திக்கும் கேடு; அது வறண்டு போகும். மாறாக, இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் பசி மந்தப்படலாம். ஈரமும் கவனிக்க வேண்டியது. வறண்ட நாட்டிலிருந்து வந்த சிலி ரோஸ் நனைந்த மண்ணை வெறுக்கும். காலைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தால் மண் ஈரமாக இருக்கிறது என்று பொருள். மண்ணைக் காயவிட்டால் கீழே இறங்கிவிடும். புதிதாக வாங்கிய சிலந்தி, புதுப் பெட்டிக்கு மாறிய சிலந்தி ஆகியவையும் சில வாரங்கள் இரை தொடாது. ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டைக் கொடுத்துவிட்டு, தட்டிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கும் நாள்தான் எனக்குப் பெரிய கவலை. கொசுவைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். அறிவிப்பு வந்ததும் பெட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். வீடு நன்றாகக் காற்றோடிய பிறகு திரும்பக் கொண்டுவரலாம். கொசுவர்த்திச் சுருள், கரப்பான் மருந்துத் தெளிப்பான் இரண்டையும் அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் செம்பனை மரத்தடியில் பிடித்த பூச்சியை இரையாகப் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. எந்த மருந்து எப்போது தெளித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கால்கள் வெட்டி வெட்டி இழுத்து, தள்ளாடி நடந்தால் அது விரதமல்ல, விஷம்.

வாயைச் சுற்றி வெள்ளைப் பசைபோல் தெரிந்து, கெட்ட நாற்றமும் அடித்தால் நூற்புழுத் தொற்றாக இருக்கலாம். 2022-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டாரன்டுலாவின் வாயில் வாழும் ஒரு புது நூற்புழு இனத்துக்குப் பெயர் சூட்டினர். அந்தப் புழு பிடித்த சிலந்தி உண்ண முடியாமல் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகிறது. அதற்கே மாதக்கணக்கு ஆகலாம் என்பதால் ஆரம்பத்தில் சாதாரண விரதம்போலவே தோன்றும். இத்தகைய சிலந்தியை மற்றவற்றிடமிருந்து உடனே தனியே வையுங்கள். அதற்குப் பயன்படுத்திய இடுக்கி, தண்ணீர்த் தட்டு எதையும் வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சிங்கப்பூரில் டாரன்டுலாவைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியே கிடையாது. தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள். எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்று வாங்கும் முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் வளை தோண்டி வாழும் நம் நாட்டு டாரன்டுலாக்களைப் பிடித்து வருவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவை வேகமானவை, கோபக்காரவை. ஆசிய இனங்கள் சிலவற்றின் கடி பல நாள் தசைப்பிடிப்பைக் கொடுக்கும். அமெரிக்க இனங்களின் கடி அவ்வளவு கடுமையில்லை. ஆனால் அவை வயிற்று முடியை உதைத்துப் பறக்கவிடும். அது கண்ணில் பட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பெட்டியைச் சுத்தம் செய்த கையோடு முகத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள்.

விரதம் இருக்கும் சிலந்திக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன் வயிற்றைவிடச் சிறிய ஒரு பூச்சியை மாலையில் காட்டிப் பார்க்கலாம். மறுத்தால் மறுநாள் எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து ஊட்ட முயல வேண்டாம். தோலுரித்திருந்தால் நச்சுப்பல்லின் நிறத்தைப் பாருங்கள்: முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகே இரை. சிறியவற்றுக்கு ஒரு வாரம், பெரியவற்றுக்கு இரண்டு வாரம், சிலவேளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். அதுவரை தண்ணீர்த் தட்டை மட்டும் நிரப்பி வையுங்கள்.