கோணிக் கோணி ஒரு வாய்க்கால்

பவானி ஆறு காவிரியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் குறுக்கே ஓர் அணைக்கட்டு. காளிங்கராயன் வாய்க்காலுக்கு அதுதான் தலைப்பு. ஆறு கூடுதுறைக்கு, சங்கமேசுவரர் கோயிலை நோக்கிப் போகிறது. சம்பந்தர் திருநணா என்று பாடிய தலம் அது. வாய்க்கால் அங்கே போவதில்லை, தெற்கே திரும்பிவிடுகிறது.

கொங்கு நாடு பாண்டியர் கையில் இருந்த 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் என்ற அதிகாரி வெட்டியது. 1283-இல் முடிந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நீளம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தலைப்பிலிருந்து கடைசி வரை நேர்கோடு இழுத்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். ஏன் இத்தனை கோணல்? பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழிகாட்டியதாம், அந்தத் தடத்திலேயே வெட்டினார்களாம். கதையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேட்டைச் சுற்றி, பள்ளத்துக்கு ஒதுங்கி, மட்டம் குலையாமல் போகிறவன் தடமும் பாம்புத் தடமாகத்தான் இருக்கும். நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரித்திருக்கும். சீக்கிரமே தாழ்ந்து மேட்டு வயல்களைக் கைவிட்டிருக்கும். காவிரிக்கும் தனக்கும் நடுவிலுள்ள நிலம் பாய வேண்டுமானால், காவிரியைவிட நிதானமாக இறங்கியாக வேண்டும். இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் அந்த நிதானத்தில்தான் விளைகின்றன.

சொந்த லாபத்துக்கு வெட்டினான் என்று ஊர் பேசியதாம். என் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டு, காளிங்கராயன் வெள்ளோட்டை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனான் என்பார்கள். அவன் வழியினர் அங்கே ஜமீன்தார்களாக இருந்தார்கள்.

வாய்க்காலைப் பார்க்கச் சகிக்காத இடம் ஈரோடு. எழுநூறு ஆண்டு ஓடிய நீரில் தோல் பதனிடும் கழிவும் சாயக்கழிவும் இறங்கின. கழிவைத் தனியே கொண்டுபோகப் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ ஒன்று வெட்ட வேண்டியதாயிற்று. தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்கால், அழுக்கைக் கொண்டுபோக இன்னொன்று!

ஊரைத் தாண்டியதும் மறுபடி மஞ்சள் காடு. பிறகு கொடுமுடி: தேவார மூவரும் பாடிய மகுடேசுவரர் கோயில், பழைய வன்னிமரம், கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர். அதையும் கடந்து ஆவுடையார்பாறை அருகே வாய்க்கால் நொய்யலில் சேர்கிறது. சங்க காலத்தில் மணிகள் செய்த கொடுமணல், அதே நொய்யல் கரையில் மேற்கே இருக்கிறது. அந்த ஆறும் திருப்பூர்ச் சாயத்தைச் சுமந்துதான் வருகிறது.