பழைய உடை, நாட்டுப்புற நடை, குரோஷே: மூன்று எளிய வழக்கங்களின் வரலாறு

பிறர் உடுத்திய உடையைத் தேடி வாங்கி உடுத்துவது, விடுமுறை நாளில் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நெடுந்தூரம் நடப்பது, ஓய்வு நேரத்தில் குரோஷே ஊசியால் எதையாவது பின்னிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் இன்று பிரிட்டனில் எளிமையான, அவசரமற்ற வாழ்க்கையின் அடையாளங்களாக உள்ளன. சமூக ஊடகப் படங்களில் இவை பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பழைய கம்பளிக் கோட்டு அணிந்த இளம்பெண் ஒருத்தி, கையால் பின்னிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கற்சுவர்களுக்கு இடையே நடந்து செல்வாள்.

இந்த வழக்கங்கள் பழமையானவை என்பது உண்மை. அவசரமற்ற வாழ்க்கையிலிருந்து தோன்றியவை என்பது உண்மையன்று. முதலாவது வறுமையிலிருந்து வந்தது. இரண்டாவதற்காகச் சிலர் சிறை சென்றார்கள். மூன்றாவது, பஞ்சத்தில் தவித்த குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றிய தொழில்.

பழைய துணிச் சந்தை

துணி கையால் நெய்யப்பட்டு, கையால் தைக்கப்பட்ட காலத்தில் ஓர் உடை பெரும் சொத்தாக இருந்தது. செல்வர் வீட்டு உடை வேலைக்காரருக்குப் போய், அவரிடமிருந்து பழைய துணி வியாபாரிக்குப் போய், அங்கிருந்து தொழிலாளி ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை உடையாக மாறும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லண்டனின் ரோஸ்மேரி லேன், மான்மவுத் தெரு, பெட்டிகோட் லேன் ஆகியவை இவ்வணிகத்துக்குப் பெயர் பெற்றிருந்தன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளின் தொழில்களை நேரில் விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, ஹவுண்ட்ஸ்டிச் பகுதியில் இருந்த பழைய துணி மாற்றுச் சந்தையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். தெருத்தெருவாகச் சென்று பீங்கான் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குபவர்களும் அவர் நூலில் வருகிறார்கள். பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்களைக் கண்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தப் பகுதி புதிதாகத் தோன்றாது. ஹவுண்ட்ஸ்டிச் சந்தையிலிருந்து பழைய துணி மூட்டைகள் அயர்லாந்துக்கும் அனுப்பப்பட்டன.

உடுத்த முடியாத அளவுக்குக் கிழிந்த கம்பளித் துணியும் வீணாகவில்லை. 1813ஆம் ஆண்டளவில் யார்க்‌ஷரின் பேட்லி ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா, கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியுடன் கலந்து மறுபடி நூற்கும் முறையை உருவாக்கினார். பேட்லியும் அருகிலுள்ள டியூஸ்பரியும் இதனால் தொழில் நகரங்களாயின. அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். தரமற்றது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் அதுவே. ஏழைகளைக் குளிரிலிருந்து காத்த துணியின் பெயர் வசைச் சொல்லானது சற்று அநியாயம்தான்.

பழைய உடை வாங்குவதில் இருந்த கூச்சத்தைக் குறைத்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பங்குண்டு. 1941 ஜூன் 1 அன்று பிரிட்டனில் துணிப் பங்கீடு தொடங்கியது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் தரப்பட்டன. பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் புது உடை கிடைக்காது. பழைய உடைக்குக் கூப்பன் வேண்டியதில்லை. பின்னல் நூலுக்கும் கூப்பன் தேவைப்பட்டதால், பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலைக் கழுவி நீட்டி, மறுபடி பின்னுவது எல்லா வகுப்பு வீடுகளிலும் நடந்தது. இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் வழிகளைச் சொல்லும் கையேட்டை அரசே 1943இல் வெளியிட்டது. பங்கீடு 1949 மார்ச் வரை நீடித்தது.

இன்று பழைய உடை விற்கும் அறக்கட்டளைக் கடைகள் பிரிட்டனின் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் உள்ளன. அவற்றுள் நன்கறியப்பட்டது ஆக்ஸ்ஃபாம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் பட்டினியால் வாடிய கிரேக்க மக்களுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்று 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பஞ்ச நிவாரணக் குழுவே அதன் தொடக்கம். நன்கொடையாக வந்த பொருள்களை விற்க 1947இல் அந்நகரின் பிராட் தெருவில் ஒரு கடை ஏற்பட்டது.

நடக்கும் உரிமை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நடப்பது எல்லோருக்கும் எப்போதும் திறந்திருந்த இன்பம் என்று நினைக்கத் தோன்றும். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலமும் தரிசும் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. இவ்வாறு அடைக்கப்பட்டது ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அதே காலத்தில்தான் மான்செஸ்டர், ஷெஃபீல்டு, போல்ட்டன் போன்ற ஆலை நகரங்கள் வளர்ந்தன. வாரம் முழுவதும் புகையிலும் இரைச்சலிலும் உழைத்தவர்களுக்குக் காசு செலவில்லாத ஒரே மாற்று, ஊருக்கு வெளியே நடப்பது. மலைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தன. பாதைகளைத்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். மான்செஸ்டரில் 1826இலேயே பழைய பொதுப் பாதைகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. 1896இல் போல்ட்டன் அருகே விண்டர் ஹில் குன்றின் பாதையை நிலவுடைமையாளர் கர்னல் ஏன்ஸ்வொர்த் மூடியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏறக்குறைய 10,000 பேர் திரண்டு அப்பாதையில் நடந்தார்கள். வழக்கு அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. அந்த நடை நெடுங்காலம் மறக்கப்பட்டும் போனது.

மறக்கப்படாமல் நின்றது 1932ஆம் ஆண்டு நிகழ்வு. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே பீக் மாவட்டத்தின் மிக உயர்ந்த இடமான கிண்டர் ஸ்கவுட் உள்ளது. கரி மண்ணும் புதரும் நிறைந்த மேட்டு நிலம் அது. கௌதாரி இனத்தைச் சேர்ந்த குரௌஸ் பறவைகளைச் சுடுவதற்காகப் பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் இந்த மேட்டு நிலங்களை வைத்திருந்தார்கள். வேட்டை ஆண்டில் சில நாட்களே நடக்கும். ஆயினும் ஆண்டு முழுவதும் காவலாட்கள் தடியுடன் நின்று, நடக்க வருவோரைத் துரத்தினார்கள்.

1932 ஏப்ரல் 24 அன்று ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டு கிராமத்தருகே ஒரு பழைய கல்குவாரியில் கூடி மேட்டை நோக்கி ஏறினார்கள். பெரும்பாலோர் இளம் தொழிலாளர்கள், வேலையிழந்தவர்கள். போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ராணுவ உபரிப் பூட்ஸும் பையும் அக்கால நடைபயணிகளிடம் சாதாரணமாகக் காணப்பட்டவை. தலைமையேற்ற பென்னி ரோத்மனுக்கு வயது 20. காவலாட்களுடன் சிறு கைகலப்பு நடந்தது. மறுபக்கத்திலிருந்து ஏறி வந்த ஷெஃபீல்டு குழுவைச் சந்தித்துவிட்டுத் திரும்பியபோது போலீசார் காத்திருந்தார்கள்.

பிறர் நிலத்தில் அனுமதியின்றி நடப்பது அன்று குற்றமாகவே இல்லை. உரிமையியல் வழக்குக்கு மட்டுமே இடம் இருந்தது. எனவே கலவரக் கூட்டம் சேர்த்தது, தாக்கியது என்ற பிரிவுகளில் வழக்கு தொடுத்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. ரோத்மனுக்கு நான்கு மாதம்.

இந்த நிகழ்வே எல்லாவற்றையும் மாற்றியது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையாகாது. அப்போதைய நடைபயணிகள் கூட்டமைப்பின் தலைவர்களே இம்முறையை எதிர்த்தார்கள். நிலவுடைமையாளர்களுடன் தாங்கள் நடத்திவந்த பேச்சு கெட்டுப்போகும் என்று அஞ்சினார்கள். சட்டத்தைக் கொண்டுவந்ததில் அவர்களுடைய பொறுமையான மனுக்களுக்கும் பங்குண்டு. ஆனால் தண்டனை கிடைத்த பிறகுதான், நடந்ததற்காகச் சிறையா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டம் 1949இல் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. டாம் ஸ்டீஃபன்சன் என்ற பத்திரிகையாளர் 1935இல் கேட்ட நெடும்பாதை, பெனைன் வே என்ற பெயரில் 1965இல்தான் திறக்கப்பட்டது. திறந்த மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. அதுவும் இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்கு மட்டுமே. 2002இல், கிண்டர் நடையின் 70ஆம் ஆண்டு நிறைவின்போது, டெவன்ஷர் பிரபு தம் பாட்டனார் காலத்தில் நடந்ததற்காகப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். ரோத்மன் அதே ஆண்டு ஜனவரியில் இறந்துவிட்டிருந்தார்.

பஞ்சத்துப் பின்னல்

குரோஷே என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டு வீடுகளில் ‘குரோஷா’ என்பார்கள். இரண்டு ஊசிகளில் பல கண்ணிகளை ஒரே சமயத்தில் தாங்கிப் பின்னும் கம்பளிப் பின்னலிலிருந்து இது வேறுபட்டது. இதில் ஒரே கொக்கி, பெரும்பாலும் ஒரே கண்ணி. இடையில் வைத்துவிட்டுப் போகலாம், எங்கிருந்தும் தொடரலாம். கருவியும் மலிவு. கம்பி ஒன்றின் நுனியை ராவி வளைத்து, மரத்துண்டில் செருகினால் ஊசி தயார். இந்த எளிமையே இதை அயர்லாந்தின் ஏழைக் குடிசைகளுக்குள் கொண்டுபோனது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். மேலும் 10 லட்சத்துக்குக் குறையாதவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கார்க் பகுதியில் உர்சுலைன் கன்னியர் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் குரோஷே கற்றுக்கொடுத்தார்கள். மோனகன் மாவட்டத்துக் குளோனஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் இதைத் தொடங்கிவைத்தார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசி லேஸைக் குரோஷேயில் போலச்செய்வதே நோக்கம். ஊசி லேஸுக்குப் பிடிக்கும் நேரத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

வேலை பங்கிடப்பட்டிருந்தது. ஒரு வீட்டில் ரோஜா மட்டும் பின்னுவார்கள், இன்னொரு வீட்டில் திராட்சைக் கொத்து, வேறொன்றில் ஷாம்ராக் இலை. தத்தம் வடிவத்தைக் குடும்பங்கள் பிறருக்குக் காட்டாமல் காத்தன. இத்துண்டுகளை வலை போன்ற பின்னலால் இணைக்கும் வேலையைத் தேர்ந்த பெண்கள் செய்தார்கள். அந்த வலையில் இடையிடையே வரும் சிறு முடிச்சு இன்றும் குளோனஸ் முடிச்சு எனப்படுகிறது. புகை சூழ்ந்த குடிசையில் பின்னியதால் அழுக்கேறிய லேஸ், விற்பனைக்கு முன் வெளுக்கப்பட்டது. சில குடும்பங்கள் இந்த வருமானத்தால் உயிர் பிழைத்தன. சில, இதில் சேர்த்த காசில் கப்பலேறின.

செல்வர்கள் இதை முதலில் அசல் லேஸாக மதிக்கவில்லை. பிறகு நாகரிகமானது, பிறகு விழுந்தது, நூற்றாண்டின் இறுதியில் மறுபடி எழுந்தது. பாரிஸிலோ லண்டனிலோ பாணி மாறினால் குளோனஸில் அடுப்பு எரியாது. இயந்திர லேஸும் போட்டிக்கு வந்தது. ஆனால் அது தோற்றத்தைத்தான் போலச்செய்தது. உண்மையான குரோஷேவைப் பெருமளவில் பின்னும் இயந்திரம் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. அறக்கட்டளைக் கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும் குரோஷே மேலாடையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதே.

தென்னிந்தியத் தொடர்பு

நலிந்த பெண்களுக்கு லேஸ் வழியாக வருமானம் என்னும் எண்ணம் அயர்லாந்துக்கு முன்பே நாஞ்சில் நாட்டில் செயலுக்கு வந்திருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து, இடையன்குடிக்கு அதைக் கொண்டுசென்றார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் லேஸ் வருமானத்தால் தம்மை மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் கூறுகின்றன. ஆனால் இது திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூற்கட்டைகளைப் பின்னிச் செய்யும் லேஸ். குரோஷே அன்று.

குரோஷே லேஸ் வேரூன்றியது ஆந்திரத்தின் நரசாபுரத்தில். அங்கும் மிஷனரிகளே தொடங்கிவைத்தார்கள். ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் அங்கு கள ஆய்வு செய்து 1982இல் நூல் வெளியிட்டார். குளோனஸில் இருந்த அதே வேலைப் பங்கீட்டை அங்கும் காணலாம். பூப் பின்னுபவர் ஒருவர், இணைப்பவர் வேறொருவர். பொருள் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா சென்றது. பெண்கள் வீட்டு வேலைக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை பின்னினார்கள். கிடைத்த கூலியோ குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. ஏற்றுமதியாளர்களைக் கேட்டபோது, இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்ற விளக்கமே கிடைத்தது.