சிலிகா காயலில் உயிர்க் கணக்கு: ஒரு நூற்றாண்டின் ஆய்வுத் தடம்

காயல் ஒன்றின் விலங்கினப் பட்டியல் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதைத்தான். ஒடிசாவின் சிலிகா இதற்குச் சரியான சான்று. கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் அதன் பரப்பு, மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டரைத் தாண்டி விரிகிறது. மகாநதியின் கிளைகளான தயாவும் பார்கவியும் வடக்குப் பகுதியில் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் மாதங்களில் அங்கே நன்னீர் நிற்கும். வெள்ளம் வடிந்து வெயில் ஏறியதும் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வரும். காயல் மெல்ல உவர்க்கும். ஆகஸ்டில் ஓரிடத்தில் வலை போட்டவருக்குக் கிடைக்கும் உயிர்கள், அதே இடத்தில் மே மாதம் வலை போட்டவருக்குக் கிடைப்பதில்லை. இருவர் எழுதியதும் உண்மை. ஆனால் இரண்டில் எதுவும் தனித்து நின்று சிலிகாவின் பட்டியல் ஆகிவிடாது.

காயலுக்கு ஏற்ற கணக்கெடுப்பு என்றால் பருவந்தோறும் திரும்பச் செல்ல வேண்டும், பிடித்த இடத்து நீரின் உப்பை அளக்க வேண்டும், பிடித்ததைப் பிற்காலத்தார் மீண்டும் பார்க்கும்படி பாதுகாக்க வேண்டும். இந்த அறிவு சிலிகாவில் முதல் உலகப் போர் தொடங்கிய காலத்திலேயே செயலுக்கு வந்துவிட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் அது கைநழுவியது. காயல் நலிந்த பிறகே அதைத் திரும்பத் தேடினார்கள். இந்தப் போக்கைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து காயலுக்கு

இந்தியக் கடற்கரையின் விலங்குகள் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவு பெரும்பாலும் தனித்தனி மாதிரிகளால் ஆனது. இன்று சிலிகாவின் அடையாளமாகிவிட்ட இராவதி ஓங்கிலின் கதையே அப்படித்தான். சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் 1852-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் பெற்ற மாதிரியைக் கொண்டு, 1866-இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அந்த இனத்தை விவரித்தார். விலங்குக்குப் பெயர் கிடைத்தது. அது எந்த நீரில் எப்படி வாழ்கிறது என்பது அந்த விவரிப்பின் எல்லைக்குள் வரவில்லை.

இந்த வழக்கத்தை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் நெல்சன் அன்னண்டேல். எடின்பரோவில் பிறந்த அவர் 1907-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். அதே ஆண்டில், வங்கத்தின் போர்ட் கேனிங் பகுதியிலுள்ள உவர்நீர்க் குட்டைகளின் உயிரினங்களைப் பற்றி எழுதினார். கடல் விலங்குகளின் உறவினங்கள் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும் நீரில் வாழ்வது அவரை விடாமல் ஈர்த்தது. சிறு குட்டைகளில் எழுந்த கேள்வியைப் பெரிய நீர்நிலை ஒன்றில் சோதிக்க சிலிகா வாய்த்தது.

போய்வரவும் வசதி இருந்தது. சென்னை–கல்கத்தா ரயில் பாதை காயலின் மேற்குக் கரையை ஒட்டியே செல்கிறது. ரம்பா, பாலுகாவ் நிலையங்களில் இறங்கினால் நீர் பக்கத்திலேயே. ரம்பா அமைந்திருக்கும் தென்கரை அன்று கஞ்சம் மாவட்டமாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1936-இல் ஒடிசா தனி மாகாணமானபோதுதான் அது பிரிந்தது. ஆகவே தென்னிந்திய விலங்கியல் வரலாற்றை எழுதுபவர்களும் இந்த ஆய்வைத் தங்களுடையதாகக் கொள்ளலாம்.

உப்போடு சேர்த்து எழுதிய பட்டியல்

அன்னண்டேலும் அவரது உதவியாளர் ஸ்டான்லி கெம்பும் 1914-ஐ ஒட்டிய காலத்தில் வெவ்வேறு பருவங்களில் சிலிகாவுக்குச் சென்று மாதிரிகள் சேர்த்தார்கள். கெம்ப் அயர்லாந்தின் மீன்வள ஆய்வில் பயிற்சி பெற்றவர். இறால்களிலும் நண்டுகளிலும் ஆழ்ந்த புலமை உடையவர். பின்னாளில் அண்டார்டிக் கடல்களில் 'டிஸ்கவரி' ஆய்வுகளை வழிநடத்தியவரும் இவரே. வலைக்கண்ணுக்குள் நழுவிப்போகும் நுண்ணிய இறாலையும் விடாமல் எடுக்கும் அவரது பொறுமை அந்த ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இவர்களது முறையில் என்னை மிகவும் கவர்வது ஒரு சிறிய பழக்கம். விலங்கு பிடிபட்ட இடத்தையும் நாளையும் குறிப்பதோடு நிற்காமல், அந்த நீரின் ஒப்படர்த்தியையும் எழுதிவைத்தார்கள். ஒப்படர்த்தி 1.000-ஐ நெருங்கினால் நன்னீர், 1.025-ஐ நெருங்கினால் கடல்நீர். நீர்மானியை வாளியில் மிதக்கவிட்டு எடுத்த அந்த எண், ஓர் இனம் எவ்வளவு உப்பைத் தாங்குகிறது என்பதற்குச் சான்றாகிவிட்டது. இப்படி எழுதி வந்ததால், ஆண்டு முழுவதும் உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கி அங்கேயே இருப்பவை எவை, உவர்ப்புக் காலத்தில் கடலிலிருந்து வந்து போகிறவை எவை, வெள்ளத்தோடு ஆற்றிலிருந்து இறங்குகிறவை எவை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அங்கேயே இருப்பவைதான் அன்னண்டேலின் ஆர்வம் முழுவதையும் பெற்றன. பஞ்சுயிரிகளையும் கடற்சாமந்திகளையும் அவரே ஆராய்ந்தார். அக்ரோமிட்டஸ் ரபன்சாட்டு என்ற சொறிமீனை 1915-இல் விவரித்தார். ஆல்ஃபியஸ் பலுடிகோலா, அத்தனாஸ் பாலிமார்ஃபஸ் என்ற இறாலினங்கள் கெம்பின் கையால் அறிவியலுக்கு வந்தன. 1915-இன் பாலூட்டிகள், ஊர்வன பற்றிய பகுதியில், சிலிகாவில் இராவதி ஓங்கில் வாழ்வதும் பதிவானது. எலியட்டின் மாதிரிக்கு 60 ஆண்டுகளுக்குப் பின், அந்த விலங்கு தான் வாழும் காயலோடு சேர்த்து எழுதப்பட்டது.

முடிவுகள் இந்திய அருங்காட்சியக நினைவேடுகளின் ஐந்தாம் தொகுதியாக 1915 முதல் 1924 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. மாதிரிகள் அந்தந்தத் துறையில் வல்லவர்களுக்கு அனுப்பப்பட்டன. பாலிகீட் புழுக்களை ரோலண்ட் சதர்னும், மண்புழு இனத்தைச் சேர்ந்த நீர்வாழ் புழுக்களை லாகூரில் பணியாற்றிய ஜான் ஸ்டீவன்சனும், கோப்பிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளை சீமோர் சீவெலும் ஆராய்ந்தார்கள். மீன்களை பி. எல். சௌதுரி எடுத்துக்கொண்டார், மீன்கள் பற்றிய இறுதிப் பகுதியைச் சுந்தர் லால் ஹோரா எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்கள் தொகுதியில் இடம்பெற்றன. அன்னண்டேல் தன் காயல் ஆர்வத்தோடு கீழை நாடுகளுக்கும் பயணம் செய்து, சயாமின் தாலே சாப் காயலை ஆராய்ந்து சிலிகாவோடு ஒப்பிட்டார். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. 1924 ஏப்ரலில் அவர் கல்கத்தாவில் காலமானார். சிலிகாத் தொகுதி நிறைவுபெற்றதும் அந்த ஆண்டில்தான்.

இந்தத் தொகுதிக்கு ஒரு பெரிய குறை உண்டு. மாதிரிகளில் கணிசமான பங்கு மீனவர்களின் வலையிலிருந்து வந்தது. எந்த மீன் எந்த மாதம் எந்த வழியாக வரும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. அச்சில் ஏறியது இனத்தின் பெயரும் அதைச் சூட்டிய அறிஞரின் பெயரும்தான். எத்தனை பேர், எந்தக் கருவிகளால், எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கு அதில் இல்லை.

பிடிப்புக் கணக்கின் காலம்

அடுத்த தலைமுறை அந்தக் குறையை நிரப்பியது. எஸ். ஜோன்ஸும் கே. எச். சுஜன்சிங்கானியும் 1948 முதல் 1950 வரையிலான பிடிப்புப் புள்ளிவிவரங்களோடு சிலிகாவின் மீன்களையும் மீன்பிடிப்பையும் விவரித்து 1954-இல் வெளியிட்டார்கள். ஜோன்ஸ் பின்னாளில் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தின் இயக்குநரானவர். உள்நாட்டு மீன்வள ஆய்வு நிலையத்தின் ஜிங்ரனும் நடராஜனும் 1957 முதல் 1965 வரையிலான தரவுகளைத் திரட்டினார்கள்.

இந்த ஆய்வுகளில்தான் சிலிகாவின் மீன்பிடி முறைகள் நூலேறின. மழை முடிந்து நீர் வடியும்போது மூங்கில் தட்டிகளால் பெரும் பரப்பை அடைத்து, மீனை நெருக்கிப் பிடிப்பது ஜானோ. திறந்த நீரில் வலை வீசுவது பஹானி. இறாலுக்குத் தனிப் பொறிகள். ஒவ்வொரு முறைக்கும் உரிய பகுதி, உரிய காலம், உரிய சமூகம் என்ற ஒழுங்கு இருந்தது. கரைக்கு வரும் மீனை எடைபோட்டால் அந்த ஒழுங்கும் சேர்ந்தே பதிவாகிறது. ஆய்வாளர் அதைப் பிரித்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் விற்பனைக்கு வருவன மட்டுமே இந்தக் கணக்கில் இடம்பெற்றன. மடவை, கொடுவா, உல்லம், புலி இறால், வெள்ளை இறால், களிநண்டு ஆகியவற்றின் டன்கள் ஆண்டுதோறும் எழுதப்பட்டன. அவற்றுக்கு இரையாகும் புழுக்களும் சிறு இறால்களும் சேற்றுச் சிப்பிகளும் ஏறத்தாழ மறக்கப்பட்டன. பழவேற்காட்டிலும் போக்கு இதை ஒட்டியதே: 1950-களின் தொடக்கத்தில் சென்னை மீன்வளத் துறையின் பி. ஐ. சாக்கோவும் உடன் பணியாற்றியவர்களும் அந்த ஏரியின் நீரியலையும் மீன்வளத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் சிலிகாத் தொகுதியைப்போல முதுகெலும்பற்ற உயிர்களின் விரிவான முதல் பதிவு அங்கே முன்னதாக இல்லாததால், பிற்கால மாற்றங்களை ஒப்பிட ஆதாரம் மெலிந்தே இருக்கிறது.

விலங்கியல் ஆய்வகம் 1985–87-இல்தான் மீண்டும் பெரிய அளவில் சிலிகாவில் இறங்கியது. அந்தக் கணக்கெடுப்பில் 800-க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் பதிவாகி, 1995-இல் நூலாயின. இடைவெளி ஏறத்தாழ 70 ஆண்டுகள்.

முகத்துவாரம் தூர்ந்த காலம்

அந்த 70 ஆண்டுகளில் காயலே மாறிவிட்டிருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் வடக்கில் படிந்தது. கரையோர நீரோட்டம் தள்ளிய மணல், முகத்துவாரத்தை வடகிழக்காக நகர்த்திக்கொண்டே போனது. கடலுக்குச் செல்லும் வெளிக் கால்வாய் நீண்டு தூர்ந்தது. கடல்நீர் உள்ளே வருவது குறைந்தது. உப்பு இறங்க இறங்க நன்னீர்க் களைகள் பரவின. கடலில் முட்டையிட்டுக் குஞ்சாகக் காயலுக்குள் வளர வரும் இறாலுக்கும் மடவைக்கும் வழி அடைபட்டது. 1980-களின் நடுவில் 8,000 டன்னைத் தாண்டியிருந்த ஆண்டுப் பிடிப்பு, 1990-களின் இறுதியில் 2,000 டன்னுக்கும் கீழே வந்தது. 1981-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சிலிகா, 1993-இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் மான்ட்ரோ பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது.

இதே ஆண்டுகளில் கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. தமிழகத்துக் காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. இரு காயல்களின் பெயர்களும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டிய தொடர்ச்சியான உயிரினக் கண்காணிப்பு இரண்டிலும் போதிய அளவில் நடக்கவில்லை.

1991-இல் அமைக்கப்பட்ட சிலிகா வளர்ச்சி ஆணையம், மாதிரி ஆய்வுகளுக்குப் பிறகு, 2000 செப்டம்பர் 23 அன்று சிபாகுடா அருகே புதிய முகத்துவாரத்தை வெட்டித் திறந்தது. கடலுக்கான பாதை சுமார் 18 கிலோமீட்டர் குறைந்தது. 2001–02-இல் பிடிப்பு 12,000 டன்னை நெருங்கியது. 2002-இல் மான்ட்ரோ பதிவேட்டிலிருந்து சிலிகா நீங்கியது. ஆணையத்துக்கு ராம்சார் விருதும் கிடைத்தது. உப்பு திரும்பியதும் மீன் திரும்பியது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் இரண்டே ஆண்டுகளில் ஆறு மடங்குக்கு மேலான உயர்வில், பிடிப்பு உயர்ந்தது எவ்வளவு, இறங்குதுறைகளில் எடை பதியும் முறை திருந்தியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை. எடைக்கணக்கை மட்டும் நம்பினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. சேற்றைத்தான் கேட்க வேண்டும்.

சேற்றைக் கேட்பது மெதுவான வேலை. படகிலிருந்து இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்குவார்கள். அது அடித்தளத்தைத் தொட்டதும் தாடைகள் மூடி ஒரு பிடி சேற்றை அள்ளும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அந்தச் சேற்றைக் காயல் நீராலேயே அலசுவார்கள். களிமண் கரைந்து போகும். சிப்பி ஓடுகள், புல் துணுக்குகள், புழுக்கள் தங்கும். ஃபார்மலினில் ரோஸ் பெங்கால் சாயத்தைக் கலந்து ஊற்றினால் உயிருள்ளவையாக இருந்தவை இளஞ்சிவப்பாக நிறமேறும். மட்கிய துணுக்குகளிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க அது உதவும். பிறகு ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கையகலச் சேற்றுக்கே நாள்கள் ஆகும். அதே நிலையத்தில், அதே கருவியால், அடுத்த பருவத்திலும் இதைத் திரும்பச் செய்தால்தான் முந்தைய எண்ணுக்குப் பொருள் வரும்.

மீன்களின் பட்டியல் இன்று 300-ஐக் கடந்துவிட்டது. ஓங்கில்களை ஆண்டுதோறும் படகுகளிலிருந்து எண்ணுகிறார்கள். அண்மைய எண்ணிக்கைகள் 150-ஐ ஒட்டி அமைகின்றன. ஓங்கிலுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் வரவேற்கத்தக்கது. அது தின்னும் மீனுக்கும், அந்த மீன் தின்னும் புழுவுக்கும் இதே ஒழுங்கில் ஆண்டுக்கணக்கு வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

பெயர் மாறும்போது

பழைய பட்டியல்களோடு ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிகாவின் களிநண்டை ஆய்வாளர்கள் நெடுங்காலம் சில்லா செர்ராட்டா என்ற ஒரே பெயரில் எழுதிவந்தார்கள். 1998-இல் கீனனும் அவரது சகாக்களும் அந்தப் பேரினத்தைத் திருத்தி, நான்கு இனங்கள் உள்ளன என்று நிறுவினார்கள். அவற்றுள் ஒன்று, 1798-இல் ஃபாப்ரிசியஸ் தரங்கம்பாடியின் பெயரால் குறித்த சில்லா டிரங்குபாரிக்கா. இனி, 1950-களின் பிடிப்புக் கணக்கில் வரும் 'செர்ராட்டா' எந்த நண்டு? எடைபோட்டு விற்றுவிட்ட நண்டைத் திரும்பப் பார்க்க வழியில்லை. 1914-இன் நண்டுகளுக்கு வழி இருக்கிறது: கெம்ப் சேர்த்தவை கல்கத்தாச் சேகரத்தில் இடப்பெயரோடும் நாளோடும் வைக்கப்பட்டன. நெற்றி முட்களின் வடிவத்தையும் மணிக்கட்டு முட்களையும் பார்த்து எந்த இனம் என்று சொல்லலாம். பாலிகீட் புழுக்களிலும் சதர்ன் 1921-இல் இட்ட பெயர்களில் பல இப்படியே மறுபார்வைக்குக் காத்திருக்கின்றன. அந்தக் குப்பிகளைத் திறந்து பார்க்கும் வகைப்பாட்டியல் அறிஞர்களைப் பயிற்றுவிப்பதும், இப்போது சல்லடையில் தங்கும் உயிர்களில் ஒரு பங்கையேனும் உப்பளவு எழுதிய சீட்டோடு அதே சேகரத்தில் சேர்ப்பதும் உடனே தொடங்க வேண்டிய வேலைகள்.