விமான நிலையக் கட்டட வசதிகளின் மையக் கட்டுப்பாடு

விமான நிலைய முனையத்தின் குளிரூட்டல், காற்றோட்டம், விளக்கு, மின்சாரம், தண்ணீர், லிஃப்ட், நகரும் படிக்கட்டு ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் ஏற்பாடு கட்டட மேலாண்மை அமைப்பு எனப்படும். சென்சார்கள் வெப்பநிலை, அழுத்தம், மின்னோட்டம் முதலியவற்றை அளக்கின்றன. இயந்திரங்களுக்கு அருகிலுள்ள கட்டுப்படுத்திகள் அந்த அளவுகளைக் கொண்டு வால்வுகளையும் மோட்டார்களையும் இயக்குகின்றன. எல்லாவற்றின் நிலையும் கட்டுப்பாட்டு அறையின் திரையில் தெரியும். பழுது நேர்ந்தால் எச்சரிக்கை ஒலிக்கும்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் வெப்பக் கட்டுப்பாட்டில் உள்ளது. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் வாரன் ஜான்சன், அறையின் வெப்பநிலையை உணரும் மின்கருவிக்கு 1883இல் காப்புரிமை பெற்று, 1885இல் மில்வாக்கியில் நிறுவனம் தொடங்கினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, அழுத்தக் காற்றைக் குழாய்களில் செலுத்தி வால்வுகளை இயக்கும் முறையே பெரிய கட்டடங்களில் நிலவியது. விமான நிலையங்களில் வெப்பமூட்டும், குளிரூட்டும் இயந்திரங்கள் ஒரே கூரையின் கீழ் வரத் தொடங்கின. பின்னாளில் கென்னடி விமான நிலையம் எனப் பெயர் மாறிய நியூயார்க்கின் ஐடில்வைல்டில் 1957இல் அமைந்த மைய நிலையம், முனையங்களுக்கு வெந்நீரையும் குளிர்நீரையும் குழாய் வழியே அனுப்பியது.

கட்டடக் கட்டுப்பாட்டுக்கென்றே உருவான சிறு கணினி அமைப்பை ஜான்சனின் நிறுவனம் 1972இல் வெளியிட்டது. 1980களில் நுண்செயலிகள் மலிவானதும், கணக்கிடும் திறன் மையக் கணினியிலிருந்து ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் பரவியது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு தொடர்புகொள்ள இயலவில்லை. கட்டம் கட்டமாக விரியும் விமான நிலையங்களுக்கு இது பெரும் தடை. பொது நெறிமுறை வகுக்க, அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் 1987இல் குழு அமைத்தது. அதன் பயனான பாக்நெட் 1995இல் வெளியாகி, 2003இல் பன்னாட்டுத் தரமாயிற்று.

மையக் கட்டுப்பாட்டின் எல்லைகளை விபத்துகளும் தோல்விகளும் காட்டின. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலைய முனையத்தில் பற்றவைப்பு வேலையிலிருந்து பரவிய தீ 17 பேரைக் கொன்றது. தீப்பற்றிய தளத்தில் லிஃப்ட் கதவுகள் திறந்ததில் சிலர் இறந்தனர். தீ எச்சரிக்கையும் லிஃப்ட்டும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டியதன் தேவை இதில் வெளிப்பட்டது. அந்த இணைப்பே சிக்கலாகவும் முடியும். பெர்லின் பிராண்டன்பர்க் நிலையத்தின் 2012 ஜூன் திறப்பு, தீத்தடுப்பு ஏற்பாடுகள் தேறாததால் கடைசி நேரத்தில் நின்றது. புகையை வெளியேற்றும் விசிறிகள், கதவுகள், எச்சரிக்கைக் கருவிகள் ஆகியவற்றை ஒன்றாக இயக்கும் அமைப்பு சரியாகச் செயல்படவில்லை. 2020 அக்டோபர் 31 அன்றுதான் நிலையம் திறந்தது.

கண்காணிப்பு மட்டுமே காப்பாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையம் சான்று. 2017 டிசம்பர் 17 அன்று நிலத்தடி மின்பாதையில் எழுந்த தீ, அருகே சென்ற மாற்று மின்கம்பிகளையும் சேதப்படுத்தியதால், நிலையம் சுமார் 11 மணி நேரம் இருண்டது.

மாற்று மின்சாரத்துக்கான நெறி ஓடுபாதை விளக்குகளுக்கு இன்னும் கடுமையானது. பார்வைத்திறன் மிகக் குறைந்த வேளையில் தரையிறங்கப் பயன்படும் ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளுக்கு, மின்சாரம் தடைப்பட்டால் ஒரு நொடிக்குள் மாற்று மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி.

இன்றைய அமைப்புகள் விமான அட்டவணையோடு இணைக்கப்படுவதால், பயணிகள் இல்லாத வாயில்களில் குளிரூட்டலையும் விளக்கையும் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த முடிகிறது. இணைப்புகள் பெருகும் அளவுக்கு ஊடுருவல் அபாயமும் வளர்வதால், கட்டடக் கட்டுப்பாட்டு வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைப்பதும், மையத் தொடர்பு அறுந்தாலும் கட்டுப்படுத்திகள் தாமே இயங்குமாறு வடிவமைப்பதும் வழக்கமாகியுள்ளன.