ஆள்கூறுகளிலிருந்து திசைகோள் காணல்

இரு புள்ளிகளின் ஆள்கூறுகள் தெரிந்தால், ஒன்றிலிருந்து மற்றது எத்திசையில் உள்ளது என்பதை நேர்மாறு தான்சன் சார்பினால் கணிக்கலாம். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் அக்கோணமே திசைகோள். கிழக்கு வித்தியாசத்தை வடக்கு வித்தியாசத்தால் வகுத்து, அவ்விகிதத்துக்குரிய கோணத்தைக் காண வேண்டும். கணக்கு எளிது, பலரும் இடறுவது கால்வட்டத்தில்.

ஏ9 வீதியின் இரு நகரங்களை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறத்தாழ 11 கிலோமீற்றர் கிழக்கேயும் 70 கிலோமீற்றர் தெற்கேயும் உள்ளது. தெற்கு மறைப் பெறுமானம் ஆதலால் விகிதம் 11 ÷ (−70), அதாவது −0.157. கணிகருவி −9° என்கிறது. அதை நம்பிப் புறப்படுபவர் யாழ்ப்பாணக் கடல்நீரேரிப் பக்கம் போய்ச் சேருவார்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பும்போது வித்தியாசங்கள் −11, 70. விகிதம் அதே −0.157, விடையும் அதே −9°. எந்த வித்தியாசம் மறை என்ற செய்தி வகுத்தலில் தொலைந்துவிடுகிறது. நேர்மாறு தான்சன் −90°க்கும் 90°க்கும் இடைப்பட்ட கோணங்களையே தரும். வட்டத்தின் தென்பாதி அதற்கு எட்டாது. ஆகவே வடக்கு வித்தியாசம் மறையானால் 180° கூட்ட வேண்டும்: போகும் திசைகோள் 171°. வரும் திசைக்கு 360° கூட்ட 351° கிடைக்கும். வடக்கு வித்தியாசம் பூச்சியமானால் வகுக்கவே முடியாது. திசைகோள் 90° அல்லது 270°. முதலில் ஒரு பரும்படிப் படம் கீறிக்கொள்ளும் மாணவருக்கு இவை எவையும் மனனஞ் செய்யத் தேவையில்லை.

கணினி மொழிகளில் இரு வித்தியாசங்களையும் தனித்தனியே வாங்கி, குறிகளையும் பார்த்து விடை தரும் ‘ஏடான்2’ சார்பு உண்டு. பெரும்பாலான மொழிகள் y ஐ முதலில் கேட்கும். எக்செல் x ஐ முதலில் கேட்கும். திசைகோளுக்கு y இன் இடத்தில் கிழக்கு வித்தியாசத்தை இட வேண்டும்.

1999ஆம் ஆண்டின் இலங்கைத் தேசப்பட நெய்யரியில் பிதுருதலாகலைக்கு இரு ஆள்கூறுகளும் 500,000 மீற்றர். இதனால் நாடெங்கும் ஆள்கூறுகள் நேர்ப் பெறுமானங்களே. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த பின்னரே குறி வெளிப்படும். கழிக்காமல் வகுத்தால் விடைக்குப் பொருளில்லை.

கண்ணிவெடி அகற்றலில் இக்கணிப்பு உயிரோடு தொடர்புடையது. நெடுங்காலம் போர் முன்னரங்காக இருந்த முகமாலை போன்ற இடங்களில், அபாயப் பரப்பின் எல்லையை நிலையான குறிப்புப் புள்ளியொன்றிலிருந்து திசைகோளாலும் தூரத்தாலும் பதிவது இப்பணியின் வழமை. அப்போது கால்வட்டம் மாறிப்போனால் எல்லை குறிப்புப் புள்ளியின் மறுபுறத்தில் விழும். வெடி புதைந்திருக்கும் பக்கம் வரைபடத்தில் வெறுங்காணியாகத் தெரியும்.