இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது நோயினாலோ காயத்தினாலோ சிதைந்துபோன மூட்டின் பரப்புகளை அகற்றி, அவற்றின் இடத்தில் உலோகம், நெகிழி, பீங்கான் முதலியவற்றால் ஆன செயற்கை உறுப்புகளைப் பொருத்தும் மருத்துவ முறை ஆகும். உடலின் பல மூட்டுகளுக்கு இது செய்யப்படினும், இடுப்பு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்குமே மிகுதியாகச் செய்யப்படுகிறது. தாங்க இயலாத வலியை நீக்குவதும், நடக்கும் ஆற்றலை மீட்டுத் தருவதும் இதன் முதன்மை நோக்கங்கள் ஆகும்.

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீட்சிக்கோ பல மாதங்கள் தேவைப்படும். நாற்காலியும் கட்டிலும் வழக்கிலுள்ள நாடுகளில் உருவான இம்முறை, தரையில் அமர்ந்து உண்டு, குந்தி வேலை செய்து பழகிய மக்களிடம் வரும்போது சில புதிய தேவைகள் எழுகின்றன. இக்கட்டுரை இச்சிகிச்சையைப் பொதுவாகவும், கடலூர், சிதம்பரம் பகுதிகளின் வாழ்க்கை முறை, மருத்துவ வசதி ஆகியவற்றுடன் இணைத்தும் விளக்குகிறது.

மூட்டின் அமைப்பும் சிதைவும்

இடுப்பு மூட்டு பந்துக்கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. முழங்கால் மூட்டு தொடை எலும்பு, கணைக்காலெலும்பு, முழங்காற்சில்லு ஆகியவை கூடும் இடமாகும். இம்மூட்டுகளில் எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லாமையால், அது தேய்ந்துவிட்டால் பழைய நிலைக்கு மீள்வதில்லை. எலும்புடன் எலும்பு உரசும்போது வலி, வீக்கம், விறைப்பு, கால் வளைதல் ஆகியன தோன்றுகின்றன.

மூட்டு மாற்றுக்கு இட்டுச்செல்லும் முக்கிய காரணங்கள்:

- மூட்டுத் தேய்வு நோய்: முதுமை, உடற்பருமன், பழைய காயங்கள், பரம்பரை ஆகியவற்றால் வருவது. முழங்கால் மாற்றுக்கு இதுவே பெருங்காரணம்.
- முடக்குவாதம்: உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்கும் நோய்.
- தொடை எலும்புத் தலைச் சிதைவு: குருதி ஓட்டம் தடைப்பட்டு எலும்பு உயிரிழத்தல். நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, மது ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இளம் வயதினருக்கும் இடுப்பு மாற்று தேவைப்படுவது பெரும்பாலும் இதனாலேயே.
- இடுப்பு எலும்பு முறிவு: முதியோர் வழுக்கி விழும்போது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிதல்.

வரலாறு

1890 ஆம் ஆண்டளவில் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்பவர் தந்தத்தால் செய்த முழங்கால் மூட்டைப் பொருத்தினார். தொற்று காரணமாக அம்முயற்சி நிலைக்கவில்லை. 1938 இல் இலண்டனில் பிலிப் வைல்சு எஃகினால் ஆன முழு இடுப்பு மூட்டைப் பொருத்தினார்.

இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் சர் ஜான் சார்ன்லி ஆவார். ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்துபோயின. 1962 நவம்பரில் அவர் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சிறிய உலோகத் தலையையும் பயன்படுத்தத் தொடங்கியபோது நெடுநாள் நிலைக்கும் மூட்டு கிடைத்தது. எலும்புடன் செயற்கை உறுப்பை இணைக்க அக்ரிலிக் சிமெண்டைக் கையாண்டதும், தொற்றைத் தடுக்கத் தூய காற்றோட்டமுள்ள அறுவை அறையை அமைத்ததும் அவருடைய பிற பங்களிப்புகள் ஆகும்.

முழங்கால் மாற்று சற்றுப் பிந்தியே வளர்ந்தது. 1974 இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய வடிவமே பிற்கால முழங்கால் மூட்டுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. இந்தியாவில் பிறந்த ரணாவத்தே 2000 அக்டோபரிலும் 2001 சூனிலும் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாச்பாயிக்கு மும்பையில் முழங்கால் மாற்று அறுவைகளைச் செய்தார். இச்சிகிச்சையை இந்தியப் பொதுமக்கள் பரவலாக அறிந்துகொண்டது அப்போதுதான் எனலாம்.

அறுவைக்கான முடிவு

எக்ஸ்ரே படத்தில் தேய்வு தெரிவது மட்டுமே அறுவைக்குப் போதிய காரணம் ஆகாது. படத்தில் மிகுந்த தேய்வு உள்ள சிலர் சிறிதளவு வலியோடு நடமாடுகின்றனர். உடல் எடையைக் குறைத்தல், தொடைத் தசைப் பயிற்சி, வலிநீக்கி மருந்து, கைத்தடி போன்றவற்றை முயன்ற பின்னும் வலி தொடர்ந்தால் அறுவையைப் பற்றி எண்ணலாம். இரவில் வலியால் உறக்கம் கெடுதல், வீட்டுக்குள் நடப்பதே கடினமாதல், கழிவறைக்குச் செல்லப் பிறர் துணை தேவைப்படுதல் ஆகியவை காலம் வந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள்.

மூட்டுத் தேய்வுக்கான மாற்று அறுவை அவசர சிகிச்சை அன்று. ஆகவே நாளைத் தேர்ந்தெடுக்க நோயாளிக்கு உரிமையும் நேரமும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்து தெருக்கள் சேறாவதும் தாழ்வான பகுதிகளில் நீர் தேங்குவதும் வழக்கம். ஊன்றுகோலுடன் நடை பழகவேண்டிய வாரங்கள் அம்மாதங்களில் அமையாமல் பார்த்துக்கொள்வது நன்று. மிகுந்த தாமதமும் நல்லதன்று. மூட்டு முற்றிலும் மடங்கி இறுகியபின், தசைகள் மெலிந்தபின் செய்யும் அறுவையில் முழுப் பயன் கிடைப்பது கடினம். இடுப்பு எலும்பு முறிவு இவற்றிலிருந்து வேறுபட்டது. அதற்கு இயன்ற விரைவில் அறுவை செய்தல் வேண்டும்.

முன்னேற்பாடுகள்

செயற்கை மூட்டின் முதல் எதிரி தொற்று ஆகும். எனவே நீரிழிவு கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காற்புண், பித்தவெடிப்பு ஆகியவற்றை முன்னரே குணப்படுத்த வேண்டும். யானைக்கால் நோய் நெடுங்காலம் பரவியிருந்த மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. அந்நோயால் கால் வீங்கியவர்களுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதியாதலால், அதனை மருத்துவரிடம் தவறாது கூறல் வேண்டும். புகைபிடித்தலை நிறுத்த வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும்.

வீட்டையும் அறுவைக்கு முன்பே ஆயத்தம் செய்தல் நலம். முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில், கைப்பிடியுள்ள நாற்காலி, குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை ஆகியவை தேவை. மேலைநாட்டுக் கழிவறை இல்லாத வீடுகளில், நடுவில் துளையுள்ள நாற்காலியை இந்தியக் கழிவறையின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். உயர்ந்த திண்ணையும் வாசற்படிகளும் உள்ள வீட்டில் கைப்பிடி அமைத்தல் வேண்டும்.

அறுவை முறை

பெரும்பாலும் முதுகுத் தண்டுவடப் பகுதியில் மயக்க ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்கின்றனர். முழங்கால் மாற்றில் கால் மூட்டு முழுவதும் வெட்டி எடுக்கப்படுவதாகச் சிலர் அஞ்சுவர். உண்மையில் தேய்ந்த எலும்பு முனைகளில் மெல்லிய பகுதியே சீவப்பட்டு, பல்லுக்கு உறை போடுவதுபோல் உலோக உறை பொருத்தப்படுகிறது. தொடை எலும்பு முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகமும், கணைக்காலெலும்பின் மேல் உலோகத் தட்டும், இவ்விரண்டுக்கும் இடையில் பாலிஎத்திலீன் தகடும் வைக்கப்படுகின்றன. இடுப்பு மாற்றில் தொடை எலும்பின் தலை நீக்கப்பட்டு, எலும்பின் உட்குழலில் உலோகத் தண்டு செருகப்படுகிறது. அதன் மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன பந்தும், இடுப்புக்குழியில் கிண்ணமும் பொருத்தப்படுகின்றன.

மீட்சி

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளி நடைச்சட்டத்தைப் (வாக்கர்) பிடித்து எழுந்து நிற்கச் செய்யப்படுகிறார். சில நாட்களில் வீடு திரும்பலாம். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தையல் பிரிக்கப்படுகிறது. நடைச்சட்டத்திலிருந்து கைத்தடிக்கு மாறுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் நிகழும். வழக்கமான வீட்டு வேலைகளுக்கு மூன்று மாதங்கள் ஆகலாம். வீக்கமும் வெதுவெதுப்பும் பல மாதங்கள் நீடிக்கலாம். தழும்பின் வெளிப்புறத்தில் மரத்திருத்தல் பொதுவாகக் காணப்படுவது.

முழங்கால் மாற்றில் முதல் ஆறு வாரங்கள் மிக முக்கியமானவை. இக்காலத்தில் காலை முழுமையாக நீட்டவும், குறைந்தது 90 பாகை மடக்கவும் பழகாவிட்டால் உள்தழும்பு இறுகிவிடும். முழங்காலின் கீழே தலையணை வைத்து உறங்குவது அப்போது இதமாக இருப்பினும், கால் மடங்கியே நின்றுவிடக் காரணமாகும். அறுவைக்குப் பின் வீட்டார் அன்பினால் நோயாளியை அசையவிடாமல் படுக்க வைப்பதும் இவ்வாறே தீங்கு தரும். வலிநீக்கி மருந்தை உரிய நேரத்தில் உட்கொண்டு பயிற்சி செய்வதே ஏற்ற வழியாகும்.

இடுப்பு மாற்றில் மூட்டு நழுவாமல் காப்பது முதற்கடமை. அறுவை பின்புறமாகச் செய்யப்பட்டிருந்தால், முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குதல், கால்மேல் கால் போடுதல், காலை உட்புறம் திருப்புதல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கூறுவர். தாழ்வான இருக்கைகளில் அமர்வதும், தரையில் கிடக்கும் பொருளைக் குனிந்து எடுப்பதும் இதில் அடங்கும்.

தரைவாழ்க்கையும் செயற்கை மூட்டும்

நடக்கவும் நாற்காலியில் அமர்ந்து எழவும் 90 முதல் 110 பாகை வரை முழங்கால் மடங்கினால் போதும். குந்துவதற்கு 130 பாகைக்கும் மேல் மடங்க வேண்டும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் நாற்று நடும் பெண்களும், பண்ருட்டிப் பகுதியில் தரையில் அமர்ந்து முந்திரி உடைப்போரும் தம் தொழிலையே இவ்வசைவுகளைக் கொண்டு செய்கின்றனர். கோயிலில் விழுந்து வணங்குதல், தொழுகையில் மண்டியிடுதல், பந்தியில் சம்மணமிட்டு உண்ணுதல் ஆகியவையும் இத்தகையனவே.

சிலருக்கு அறுவைக்குப் பின்னும் தரையில் அமர முடிகிறது. எனினும், மிகுதியாக மடக்குதல் பாலிஎத்திலீன் தகட்டின் தேய்வை விரைவுபடுத்தலாம் என்பதால், குந்துவதைத் தவிர்க்குமாறே மருத்துவர் பெரும்பாலும் அறிவுறுத்துகின்றனர். ஆகவே, அறுவைக்கு உடன்படும் முன் நோயாளி கேட்கவேண்டிய முதன்மையான கேள்வி, "வலி நீங்குமா?" என்பதோடு முடிவதில்லை, "என் வேலைக்குத் திரும்ப முடியுமா?" என்பதும் ஆகும். கூலி வேலை செய்வோருக்கு விடை பல வேளைகளில் வேலையின் முறையை மாற்றிக்கொள்வதாகவே இருக்கும்.

சிக்கல்கள்

ஆழ்ந்த தொற்று ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு ஏற்படுகிறது. அப்போது மூட்டைக் கழற்றி மீண்டும் அறுவை செய்ய நேரலாம். காற்சிரைகளில் குருதி உறைந்து நுரையீரலுக்குச் செல்வது உயிருக்கு ஊறு விளைவிக்கும். கெண்டைக்கால் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ் வடிதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முழங்கால் மாற்றுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்பதும் அறியத்தக்கது.

2010 ஆகத்து மாதத்தில் டிப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். வகை இடுப்பு மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோகத்துடன் உலோகம் உரசும் அவ்வகை மூட்டுகளுக்கு மறு அறுவை மிகுதியாகத் தேவைப்பட்டதே காரணம். 2018 இல் இந்திய அரசு பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு முறையை வகுத்தது. பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் வரிசை எண்ணும் உள்ள ஒட்டுத்தாளை நோயாளி வாழ்நாள் முழுதும் பாதுகாக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கடலூர் மாவட்டத்தில் மருத்துவ வசதி

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக 1985 இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2013 இல் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. கட்டணக் குறைப்புக்காக மாணவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தை அடுத்து, 2021 இல் இக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கடலூர் நகரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 45 கி.மீ. ஆகும். கடலூரின் வடபகுதி மக்கள் புதுச்சேரியின் சிப்மர் மருத்துவமனைக்கும் செல்கின்றனர்.

தொலைவில் உள்ள பெருநகரில் அறுவை செய்துகொள்வோர் தையல் பிரித்தல், இயன்முறை மருத்துவம், மறு பரிசோதனை ஆகியவற்றுக்கு மீண்டும் மீண்டும் பயணம் செய்ய வேண்டியுள்ளது. ஆகவே அருகிலுள்ள மருத்துவமனையின் பயன் அறுவைக்குப் பிந்திய வாரங்களில்தான் மிகுதியாகத் தெரியும். 2021 ஆகத்து 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பதும் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது.

செலவும் காப்பீடும்

2017 ஆகத்து 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டு உறுப்புகளுக்கு உச்சவிலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமிய வகைக்கு அப்போது வரி நீங்கலாக ரூ. 54,720 என வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் அதன் சராசரி விற்பனை விலை ரூ. 1,58,000க்கும் மேல் இருந்தது. மருத்துவமனைக் கட்டணம் இந்த வரம்புக்குள் வராது. 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பங்கள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி இச்சிகிச்சையைப் பெறலாம்.

பயன்காலம்

2019 இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்றின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறக்குறைய 82 விழுக்காடும், முழு இடுப்பு மாற்றுகளில் ஏறக்குறைய 58 விழுக்காடும் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. எனவே அறுபது வயதைக் கடந்து அறுவை செய்துகொள்ளும் பலருக்கு ஒரே மூட்டு வாழ்நாள் முழுதும் போதுமானது. இளவயதில் செய்துகொள்வோருக்கு மறு அறுவை தேவைப்படலாம். உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல், நாள்தோறும் நடத்தல், விழாமல் காத்துக்கொள்ளுதல், உடலின் எப்பகுதியில் தொற்று நேரினும் உடனே மருத்துவம் பெறுதல் ஆகியவை செயற்கை மூட்டின் ஆயுளைக் காப்பன ஆகும்.