இருப்புப்பாதை மோகமும் தரவு நிலையங்களும்

செயற்கை நுண்ணறிவிற்கெனத் தரவு நிலையங்களை எழுப்புவதில் அமெரிக்கப் பெருங் கம்பனிகள் கொட்டிவரும் பணம் மீளுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. ‘இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளிற் பணம் போட்டவர்களும் நட்டமடைந்தார்கள், ஆயினும் பாதைகள் எஞ்சின, நாடு பயனடைந்தது’ என்பதே அவ்விடை. வரலாற்றைத் துணைக்கழைக்கும் இவ்வாதத்தை வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை உண்மையாகவே இலாபம் ஈட்டிற்று. வெறும் பொய்யின்மேல் எந்த மோகமும் எழுவதில்லை. அந்த இலாபத்தைக் கண்டே 1845இல் நடுத்தர வகுப்பினர் பங்குகளை வாங்கத் திரண்டனர். நாவலாசிரியை சார்லட் புரொன்ரேயின் குடும்பத்துச் சேமிப்பும் இருப்புப்பாதைப் பங்குகளிலேயே முடங்கியிருந்தது. 1846இல் மாத்திரம் பாராளுமன்றம் 250க்கு மேற்பட்ட இருப்புப்பாதைச் சட்டங்களை நிறைவேற்றிற்று. அனுமதி பெற்ற பாதைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இடப்படவேயில்லை.

மோகத்தின் பொறி பங்கு விற்ற முறையிலேயே இருந்தது. பங்கின் விலையிற் பத்திலொரு பகுதியைக் கட்டினால் அது கைக்கு வரும். எஞ்சியதைக் கம்பனி கேட்கும்போதெல்லாம் செலுத்துதல் வேண்டும். வாங்கும்போது இலேசாகத் தோன்றிய சுமை, பாதை வேலை மும்முரமான 1847இல் முழுப் பாரமாக இறங்கிற்று. பயிர்கள் பொய்த்ததால் தானிய இறக்குமதிக்குப் பொன் வெளியேறியதும் அவ்வேளையிலேதான். ஒக்டோபரில் வங்கிகளும் வணிக இல்லங்களும் சரிந்தன. ‘இருப்புப்பாதை அரசர்’ எனப் புகழப்பட்ட ஜோர்ஜ் ஹட்சன், இலாபத்திலிருந்தன்றி மூலதனத்திலிருந்தே பங்காளருக்கு இலாபப் பங்கு வழங்கினார் என்பது 1849இல் வெளிப்பட்டது.

‘நாடு பயனடைந்தது’ என்போர் எந்த நாட்டைக் குறிக்கிறார்கள்? அன்று இலங்கை மலைநாட்டின் கோப்பித் தோட்டங்கள் பிரித்தானிய மூலதனத்தையும் கடனையும் நம்பியே வளர்ந்தன. 1847இல் அக்கடன் வற்றியது. கோப்பி விலையும் வீழ்ந்தது. அரசின் வருவாய் குன்றியது. அந்தக் குறையை நிரப்பவே தேசாதிபதி டொறிங்டன் 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. அவ்வாண்டு யூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். இருப்புப்பாதைப் பங்குகளே இதற்கெல்லாம் ஒரே காரணம் என நாம் கூறவில்லை. ஆயினும் இலண்டனின் சூதாட்டத்திற் கலந்துகொள்ளாத குடியானவன் அதன் நட்டத்திற் பங்காளியானான். நமது பாடநூல்கள் நாய் வரியைச் சொல்கின்றன. திறைசேரி ஏன் காலியாயிற்று என்பதை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

இனி, எஞ்சுவது யாது என்ற கேள்வி. இருப்புப்பாதையின் அணைக்கட்டும் சுரங்கமும் நூறாண்டு கடந்தும் பயன்பட்டன. தரவு நிலையத்திலோ கட்டிடமும் மின்கம்பியும் நிலைக்கலாம். செலவின் பெரும்பங்கை விழுங்கும் கணிப்புப் பொறிகள் நிலையா. என்விடியா கம்பனி 2022இல் அறிவித்த ‘ஹொப்பர்’ வகையை 2024இல் அறிவித்த ‘பிளாக்வெல்’ பின்தள்ளிவிட்டது. இப்பொறிகளுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்பதிற் கம்பனிகளின் கணக்குப் புத்தகங்களே ஒத்துப்போகவில்லை. கூகிளின் தாய்க் கம்பனி 2023இல் நான்கை ஆறாக்கிற்று. அமேசனோ தொழில்நுட்ப மாற்றத்தின் வேகத்தைக் காரணங்காட்டி, 2025இல் ஒரு பகுதிப் பொறிகளின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஆயுளைக் கூட்டினால் ஆண்டுத் தேய்மானம் குறையும். ஏட்டில் இலாபம் கூடும். இது ஹட்சனின் மோசடியன்று, சட்டத்திற்கு உட்பட்டதே. ஆயினும் இலாபம் எவ்வளவு என்பது ஓர் ஊகத்தில் தங்கியிருக்கிறது.

தொகையோ பெரிது. அமேசன், மைக்ரோசொப்ற், அல்பபெற், மெற்றா ஆகிய நான்கும் 2025இல் மாத்திரம் 30,000 கோடி டொலருக்கு மேல் மூலதனச் செலவு செய்யத் திட்டமிட்டன. செக்கோயா முதலீட்டு நிறுவனத்தின் டேவிட் கான், 2024இலேயே, இத்தகைய செலவு ஈடேற ஆண்டுக்கு 60,000 கோடி டொலர் வருவாய் வேண்டும் எனக் கணக்கிட்டு, அது எங்கே எனக் கேட்டார். கேட்டவர் பொதுவுடைமைவாதியல்லர், முதலாளிகளின் ஆலோசகர். 2025 செப்டம்பரில் என்விடியா, தன் பொறிகளை வாங்கும் ‘ஓப்பன் ஏ.ஐ.’ கம்பனியில் 10,000 கோடி டொலர் வரை முதலிடும் எண்ணத்தை வெளியிட்டது. விற்பவனே வாங்குபவனுக்குப் பணங் கொடுக்கும் சந்தையில் உண்மைத் தேவையை அளப்பது எவ்வாறு?

மோகம் கலையுமுன்னரே சுமை இறங்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் 13 மாநிலங்களில் மின்சாரத்தை நிருவகிக்கும் ‘பீ.ஜே.எம்.’ அமைப்பின் ஏலத்தில், தேவைப்படும்போது மின்வலு வழங்க ஆயத்தமாயிருப்பதற்கான விலை, மெகாவாட் ஒன்றிற்கு நாளொன்றுக்கு 28.92 டொலராக இருந்தது. 2025 யூன் தொடங்கும் ஆண்டிற்கான ஏலத்தில் அது 269.92 டொலராயிற்று. தரவு நிலையங்களின் பெருகும் தேவை அதற்கு ஒரு முதன்மைக் காரணம். அந்த யூன் முதல் அவ்வுயர்வு ஒகையோ, நியூ ஜேர்சி முதலிய மாநிலங்களிற் சாதாரண வீடுகளின் மின்கட்டணப் பட்டியலில் ஏறலாயிற்று.